கையெழுத்து மட்டும் என்னுடையது

1

சொத்து விவரங்கள் அடங்கிய அந்தக் காகிதக் கட்டை என் வக்கீலிடம் கொடுத்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. கேக் வெட்டிக் கொண்டாடுகிற நாளில்லை. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கவென்ட்ரியின் மழை. மழை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு ஈரம் அப்படியே காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி இங்கேயும் பாதி மயிலாப்பூரிலுமாக நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான் நிற்கிறேன்.

“டைவர்ஸ்னா கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது இல்லையா?” என்று போன வாரம்கூட சென்னையிலிருந்து ஒரு தோழி கேட்டாள். அவளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். இங்கே இங்கிலாந்தில் பிரிகிறவர்கள் இரண்டு பேரும் தங்களிடம் இருப்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு, சம்பளம், கடன், நகை, உலகத்தின் எந்த மூலையில் எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் அதற்குப் பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்ட். எழுதியதெல்லாம் உண்மை என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. பொய்யென்று தெரிந்தால் கோர்ட்டு சும்மா விடாது. பிறகு ஒரே நாளில் அவர் கட்டு எனக்கு வரும், என் கட்டு அவருக்குப் போகும். கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொண்டதற்குப் பிறகு குமாரும் நானும் மாற்றிக்கொண்டது அதைத்தான்.

பத்தொன்பது வருஷம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அவருக்கு எவ்வளவு சம்பளம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவரும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். எங்கள் இரண்டு வீட்டிலும் அதற்கு மரியாதை என்று பெயர். அந்த மரியாதையில்தான் தன் வேலை போனதை அவர் எட்டு மாதம் மறைத்தார். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு வருவார். “இன்னைக்கு வேலை அதிகமா?” என்று நான் கேட்பேன். “ஆமா” என்பார். பள்ளிக்கூட வேலையாக நூலகத்துக்குப் போன எங்கள் மகள் தாராதான் அவரை அங்கே பார்த்தாள். வேலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எட்டு மாதம் தினமும் கேட்ட அந்த “ஆமா”வை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே அவர் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

2

படிவத்தைச் சமையலறை மேஜையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். ‘வேறு நாட்டில் உங்கள் பெயரில் கணக்கோ சொத்தோ உண்டா?’ என்று ஒரு கேள்வி. யோசிக்கவே இல்லை, இல்லை என்று எழுதினேன். பேனாவை எடுப்பதற்குள் தாரா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் அவள் வாயில் வாடகைக்கு இருக்கிற மாதிரிதான் இருக்கும், எப்போது காலி செய்யுமோ தெரியாது.

“அம்மா, ஆச்சி அனுப்புற செக்புக்?”

“அது ஆச்சியோடது.”

“யார் நேம்ல இருக்கு?”

 அவள் விடவில்லை. “டாட் ஹைட் பண்ணாருன்னு நீங்க எவ்வளவு ஆங்க்ரி ஆனீங்க?” என்று கேட்டுவிட்டு, டோஸ்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். 

செக்புக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்குத் தி. நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடை இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஊன்றிய கடை. என் கல்யாணத்தின்போது கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையை என் பெயருக்கு எழுதி வைத்தார். அதன் வாடகை விழுவதற்காக மயிலாப்பூரில் ஒரு வங்கியில் என் பெயரில் கணக்கு தொடங்கினார். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மத்தியானம் முழு செக்புக்கையும் என் முன்னால் வைத்து, “எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுரும்மா, அவசரத்துக்கு ஆவும்” என்றார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இருபத்தைந்து தாளிலும் போட்டேன். தொகை இல்லை, தேதி இல்லை, பெயர் இல்லை. தமிழில் ‘செண்பகம்’ என்று கையெழுத்து மட்டும்.

அப்பா போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழே இருந்த கடையும் கைமாறிவிட்டது. மாடி அறை மட்டும் மிச்சம், அதில் ஜாக்கெட்டுக்கு ஆரித் தையல் வேலை செய்கிறவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அந்த வாடகைதான் அம்மாவின் ஜீவனம். செக்புக் தீர்ந்தால் புதுசு ஒன்று இங்கே வரும். ஊரிலிருந்து யார் வந்தாலும் கொண்டுவருகிற பார்சலில், இட்லிப் பொடிக்கும் வத்தலுக்கும் அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கும். குமார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. அம்மா ஆரம்பத்திலேயே, “மாப்பிள்ளைட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத” என்று சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ‘இல்லை’ என்று எழுதியதை அடித்தேன். இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு டிக்கெட் எடுத்தேன்.

3

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குத் தாராவைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். பாஸ்போர்ட்டையும் பாஸ்புக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மேடம், நீங்க ஃபாரின் போய் இருவத்தோரு வருஷம் ஆவுது. இன்னும் லோக்கல் அக்கவுண்டாவே வெச்சிருக்கீங்க. இதெல்லாம் மாத்தணும் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“அப்ப இவ்ளோ நாளா யாரு ஆபரேட் பண்ணாங்க?”

“கையெழுத்து என்னுதுதான்” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொன்ன மாதிரியும் இல்லை.

மூன்று படிவம், இரண்டு போட்டோ, ஒரு ஜெராக்ஸ், மறுபடியும் அதே ஜெராக்ஸ். கடைசியில் கையெழுத்துப் போடச் சொன்னாள். கை தன் பாட்டுக்கு ஆங்கிலத்தில் ‘எஸ். குமார்’ என்று போட்டுவிட்டது. அவள் தலையை ஆட்டினாள். “இது செல்லாது மேடம். எங்ககிட்ட தமிழ்ல இருக்கு.” அதன் பக்கத்தில் ‘செண்பகம்’ என்று போட்டேன். திரையில் இருந்ததையும் தாளில் இருந்ததையும் அவள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. இங்கிலாந்தில் வீட்டுக் கடனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேறு கையெழுத்துதான் போடுகிறேன். இந்தத் தமிழ்க் கையெழுத்து அம்மாவின் செக்குக்கு மட்டும்தான். மற்றபடி நான் இந்தப் பெயரை எழுதியே இருபது வருஷமாகிறது.

“ஓகே மேடம், டேலி ஆவுது” என்றாள் அவள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

4

அம்மாவின் வீடு கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், இரண்டாவது மாடி. அம்மா மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். எனக்கு ஊர் மாறிய மயக்கம், கண் எரிந்தது, ஆனால் தூக்கம் வரவில்லை. பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஸ்டேட்மெண்டைப் பிரித்தேன். பதினான்கு பக்கம். அதில் ஒரு வரிகூட நான் செய்த செலவில்லை.

ஆனால் படிக்கப் படிக்க ஒவ்வொரு வரியும் என்னை எழுப்பித் தெருவில் நடக்க விட்டது. மருந்துக்கடை என்றிருந்த வரியில் தெற்கு மாட வீதி முனைக்குப் போனேன். மின்சார வாரியம் என்ற வரியில், அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பங்குனி மாதத்தில் பெரிய தொகை ஒன்று ரொக்கமாக எடுக்கப்பட்டிருந்தது. அறுபத்துமூவர் விழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் வைத்திருப்பாள், வருஷா வருஷம் செய்வாளே. அந்த வரியில் எனக்கு மோரில் மிதக்கிற கொத்தமல்லி வாசனையே வந்துவிட்டது. வைகாசியில் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் ஆபரேஷன் நடந்ததே எனக்குத் தெரியாது. அந்தத் தேதியை விரலால் தொட்டுக்கொண்டு யோசித்தேன். அந்த வாரமும் நான் போன் செய்திருந்தேன். “நல்லா இருக்கேன், சாம்பாருக்குத் தாளிக்கேன்” என்று சொன்னாள். ஒரு கண்ணில் கட்டோடு என்ன தாளித்தாளோ.

இருபத்தோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறேன். அந்தப் போன்களில் தெரியாத அம்மா இந்தப் பதினான்கு பக்கத்தில் நடமாடிக்கொண்டிருந்தாள். கீழே பூக்காரி கூவிக்கொண்டு போனாள். வெயில் சாய்ந்து எதிர்வீட்டுச் சுவரில் மஞ்சளாக ஏறியது. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ஐந்தாம் தேதி, எட்டாயிரம், செக், கோமதி அம்மாள். முந்தின மாதத்துக்குப் போனேன். ஐந்தாம் தேதி, எட்டாயிரம், கோமதி அம்மாள். பன்னிரண்டு மாதமும் இருந்தது.

கோமதி அம்மாள் என் மாமியார்.

5

அம்மா எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். நான் தாளை நீட்டினேன். கண்ணாடி போடாமலே என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என்னத்துக்குட்டி இதையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்க?”

“கோர்ட்டுக்குக் கொடுக்கணும்மா. அத்தைக்கு எதுக்கு மாசாமாசம் பணம்?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மெதுவாகத் துடைத்தாள். பிறகு சொன்னாள். பிரதோஷத்துக்குத் திருவான்மியூர் கோயிலுக்குப் போனால், திரும்பும்போது அடையாற்றில் இருக்கிற சம்பந்தி வீட்டில் எட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போனபோது அத்தையின் மாத்திரை டப்பா திறந்திருந்திருக்கிறது.

“ஒவ்வொரு மாத்திரையையும் பாதிப் பாதியா உடைச்சு வச்சிருக்கா. ‘என்ன மதினி இது’ன்னு கேட்டேன். ‘டாக்டர் பாதி போதும்னுட்டாரு’ன்னு சொல்லுதா. எந்த டாக்டர்ட்டி ரத்தக்கொதிப்புக்குப் பாதி போதும்பான்? நோண்டி நோண்டிக் கேட்டேன். அவன் பணம் அனுப்பி மூணு மாசமாச்சுன்னு அழுதா. யாருக்கும் சொல்லிராதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா.”

மூன்று மாதம். குமாருக்கு வேலை போன சமயம். என்னிடம் மறைத்ததை அவர் தன் தாயிடமும் மறைத்திருக்கிறார்.

“அதுக்கு நீ செக் கொடுத்தியா?”

“சும்மா குடுத்தா வாங்குவாளா? ‘உங்க மருமவ குடுக்கச் சொன்னா’ன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

“நாங்க பிரிஞ்சப்புறமுமா?”

“பிரிஞ்சது நீயும் அவனும். அவளுக்குப் பசிக்காதா?”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். குமார் மேலா, என்னைக் கேட்காமல் என் பெயரில் தர்மம் செய்த அம்மா மேலா, பாதி மாத்திரையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்த என் மேலா. இந்த ஸ்டேட்மெண்ட் முழுவதும் குமார் கைக்குப் போகும் என்று சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“அதை மட்டும் குடுக்காத. அந்த ரூம் உன் பேர்ல இருக்குன்னு தெரிஞ்சா பங்கு கேப்பான். வித்துக் குடுன்னு கோர்ட்டு சொல்லிட்டா? அந்த ஒரு வாடகைலதாம்ட்டி ரெண்டு வீட்டுல அடுப்பு எரியுது. அது போச்சுன்னா நானும் மதினியும் எங்க போறது?”

“எழுதலைன்னா நான் பொய்ச் சத்தியம் பண்ணின மாதிரிம்மா.”

“அது உன் கணக்கே இல்ல. உன் பேரு இருக்கு, அவ்வளவுதான்.”

இதையே நான் சமையலறை மேஜையில் தாராவிடம் சொன்னேன். சொன்னபோது அது எவ்வளவு நியாயமாக இருந்தது! அம்மா வாயால் கேட்கிறபோதுதான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது. குமாரும் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஏதாவது ஒரு நியாயம் வைத்திருந்திருப்பார். ஆனாலும் அம்மாவின் பயம் வெறும் பயமில்லை. அவருக்குப் பங்கு கேட்க உரிமை உண்டா என்று எனக்குத் தெரியாது. கேட்டால், இரண்டு அம்மாக்களின் சாப்பாடு என் ஒரு கையெழுத்தில் போய்விடும்.

6

மறுநாள் காலை அடையாறுக்கு ஆட்டோ பிடித்தேன். முகவரியைச் சொல்லத் தெரியாமல் பழைய அடையாளங்களாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். “இன்னா மேடம், அந்த கடையெல்லாம் எப்பவோ எட்த்துட்டாங்க. நீங்க எந்த காலத்துல கீறீங்க?” என்று டிரைவர் சிரித்தார். அவர் கேட்டது நியாயம்தான். திரு.வி.க. பாலம் ஏறும்போது முகத்துவாரத்தின் உப்புக் காற்று வந்தது. ஒரு நிமிஷம் எனக்கு வயது இருபத்திநாலு, பக்கத்தில் குமார், சீர்வரிசைத் தட்டோடு முதல் தடவையாகப் புகுந்த வீட்டுக்குப் போகிறோம். பாலம் இறங்கியதும் அது போய்விட்டது.

அத்தை கதவைத் திறந்து, “வா தாயி” என்று மட்டும் சொன்னார். மகனை விட்டுப் பிரிந்த மருமகளிடம் வேறு என்ன சொல்ல முடியும்? ஒற்றைப் படுக்கையறை வீடு. பழைய அடுக்ககம், ஆனால் சொந்தம். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எனக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“மாசாமாசம் வருது தாயி. உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். பிரிஞ்ச பெறவும் நீ என்னை மறக்கலியே.”

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். அம்மாவும் அதைத்தான் விரும்பியிருப்பாள். நான் மோரை மேஜையில் வைத்தேன்.

“அத்தை, நான் அனுப்பல. அம்மா. எனக்கே நேத்துதான் தெரியும்.”

அத்தை தரையைப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

“அது எனக்குத் தெரியாதா? செக்குல ரூவா எழுதினது மதினி எழுத்துல்லா. உங்க கல்யாணத்துக்குப் பலகார லிஸ்ட்டு ரெண்டு பேரும் உக்காந்துதானே எழுதினோம். ஆனா கீழ கையெழுத்து உன்னோடது. வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுத் தாய்ட்ட குடுத்தவ நீ. அதனால அது உன் துட்டுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.”

 இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாத மாதிரி ஒருவருக்கொருவர் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு இரண்டரை வருஷம் இருந்திருக்கிறார்கள். படிவத்தைப் பற்றி மெல்லச் சொன்னேன். எல்லாத் தாளும் குமாருக்குப் போகும், பன்னிரண்டு தடவை உங்கள் பெயர் வரும், அந்த அறையும் அவருக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

“குறுகிப் போயிருவானே” என்றார் அத்தை. முதலில் அதைத்தான் சொன்னார்.

கடற்காற்றில் கொடியில் கிடந்த சேலை உள்ளே வந்து வந்து போனது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“மாசாமாசம் போன்ல ‘அடுத்த மாசம் அனுப்புதேம்மா’ங்கான். ‘இருக்குப்பா, போதும்’னு நான் சொல்லுதேன். அவன் சொல்லுததும் பொய்யி, நான் சொல்லுததும் பொய்யி. இதுல நீ வேற எனக்காவப் பொய்ச் சத்தியம் பண்ணப் போறியா?” சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “குடு தாயி. பாக்கட்டும். அவங்கம்மை பட்டினி கிடக்கலன்னாவது அவனுக்குத் தெரியட்டும்.”

வாசல் வரை வந்தவர், “மதினிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ சண்டை போடாத” என்றார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கம் இல்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

7

கவென்ட்ரிக்குத் திரும்பி, கணக்கையும் அறையையும் எழுதினேன். பதினான்கு பக்கத்தையும் இணைத்தேன். கடைசித் தாளில் கையெழுத்துப் போடும்போது தாரா பக்கத்தில் நின்று பார்த்தாள்.  அன்றைக்கு அவளாகவே பாத்திரம் கழுவினாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

குமாரின் கட்டு வந்த அன்று வக்கீல் என்னை அலுவலகத்துக்கு அழைத்தார். இளம் வெள்ளைக்காரப் பெண், பொறுமைசாலி. நான் தயாராகத்தான் போனேன். தாய்க்கு மாதாமாதம் அனுப்புவதாகத்தான் அவர் எழுதியிருப்பார், என் ஸ்டேட்மெண்ட் அதைப் பொய்யாக்கும், வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார், அத்தையின் மானம் இரண்டு வக்கீல்களின் மேஜையில் கிடக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

செலவுப் பட்டியலில் ‘தாயாருக்கு’ என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுதியிருந்தார்.

“இங்கே ஒன்று புரியவில்லை” என்று வக்கீல் கடன் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். வங்கிக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு. அதற்குக் கீழே குமாரின் குட்டிக் குட்டி எழுத்தில், ‘என் அம்மாவுக்குத் தர வேண்டியது, முப்பத்துமூன்று மாதம்’ என்று இருந்தது. பக்கத்தில் தொகை. அவர் அம்மா கடன் கொடுத்தாரா, பத்திரம் இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் சட்டப்படி இது கடனே இல்லை, எதிர்த்தரப்பு இதை நீக்க வேண்டும் என்றார். நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னிடம் எட்டு மாதம் வாய் திறக்காத மனிதர், முகம் தெரியாத ஒரு கோர்ட்டுக்கு அதை எழுதிக் கொடுத்திருந்தார். கேட்பதற்கு ஒரு கட்டம் போட்டு, நேராக ஒரு கேள்வி வைத்திருந்தால் அவர் உண்மை சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நான் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தி. நகர் அறையில் பங்கு வேண்டாம் என்று அவர் தரப்பிலிருந்து இரண்டு வரியில் கடிதம் வந்தது. விவாகரத்து ஆனது. அத்தைக்கு இப்போது மகனிடமிருந்து பணம் வருகிறது, முழு மாத்திரை சாப்பிடுகிறார். பிரதோஷத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். வங்கிக் கணக்கை முறைப்படி மாற்றியாகிவிட்டது, வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போடுவதில்லை. அதில் அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

ஆனால் இன்று காலை காப்பி ஆறிப்போகும்வரை நான் நினைத்துக்கொண்டிருந்தது, கட்டு மாற்றிக்கொண்ட அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையை. மத்தியானம். தாரா வெளியே போயிருந்தாள். குமாரிடமிருந்து போன் வந்தது. எத்தனையோ மாதமாக வக்கீல் கடிதங்கள் மட்டும்தான்.

“செண்பா, பாத்தேன்” என்றார்.

“ம்.”

“இதுல பன்னெண்டு மாசம்தான் இருக்கு. அதுக்கு முன்னாடியும் நீதானா?”

“அம்மா. எனக்குத் தெரியாது. நானும் இந்தக் கணக்கை உங்ககிட்ட சொன்னதில்லை. மன்னிச்சிருங்க.”

 அவருடைய வீட்டில் கெட்டில் கொதித்து நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“வேலை போன அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருந்தா, இது எதுவும் வந்திருக்காது, இல்லையா?”

பழைய செண்பகமாக இருந்தால், மனசு நோகக் கூடாதே என்று அவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லியிருப்பேன். யோசித்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் வேலை மட்டுமா மறைந்திருந்தது?

“பிரிஞ்சிருப்போம்னுதான் நினைக்கிறேன்” என்றேன். “ஆனா இத்தனை பக்கம் ஆகியிருக்காது.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதே இல்லை. போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.